1908 'தேசியச் சாம்பியன்' அணிப் படத்துக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

கேள்வி: சிகாகோவில் பணிபுரிகிறேன். பழம்பொருள் வியாபாரி ஒருவர், சிகாகோ பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியின் 1907–08 பருவப் படத்தைச் சட்டமிட்டு விற்கிறார். 'தேசியச் சாம்பியன்' என்ற சான்றிதழையும் சேர்த்துத் தருவதால், மற்ற அணிப் படங்களைப் போல் மூன்று மடங்கு விலை கேட்கிறார். அந்தப் பட்டம் உண்மையா? நம்பி வாங்கலாமா?

பதில்: அந்த அணி பெற்ற வெற்றி உண்மையானது. ஆனால் அந்தச் சான்றிதழுக்காக ஒரு டாலர்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் இந்த ஆட்டத்தை உருவாக்கினார். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ.-வின் போட்டித்தொடர் 1939-இல்தான் தொடங்கியது. இடைப்பட்ட ஏறத்தாழ அரை நூற்றாண்டில் ஒவ்வொரு கல்லூரியும் ரயில் செலவுக்கும் கிடைத்த எதிரணிக்கும் ஏற்பத் தன் பருவத்தைத் தானே அமைத்துக்கொண்டது. எதிரணி கல்லூரி அணியாகத்தான் இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. நெய்ஸ்மித் பயிற்றுவித்த கேன்சஸ் பல்கலைக்கழகம் 1899-இல் ஆடிய முதல் ஆட்டமே கேன்சஸ் சிட்டி ஒய்.எம்.சி.ஏ. அணிக்கு எதிரானதுதான், அதில் 16–5 என்று தோற்றது. ஏழு வெற்றி, நான்கு தோல்வி என்று முடிந்த அந்தப் பருவத்தை, வேறு மூலையில் வேறு எதிரணிகளோடு ஆடிய ஒரு கல்லூரியின் பருவத்தோடு எந்த அளவுகோலால் ஒப்பிடுவது?

அப்படியானால் பட்டங்கள் எங்கிருந்து வந்தன? லாஸ் ஏஞ்சலஸில் 1936-இல் நிறுவப்பட்ட ஹெல்ம்ஸ் தடகள அறக்கட்டளை, பழைய முடிவுகளைப் பார்த்து 1901 வரை பின்னோக்கிச் சென்று ஆண்டுக்கு ஓர் அணியைத் தேர்ந்தெடுத்தது. பின்னாளில் பிரிமோ, போரெட்டா என்ற இரு ஆய்வாளர்கள் தனியாக ஒரு தரவரிசை தயாரித்தார்கள். இரண்டும் பல ஆண்டுகளில் ஒத்துப்போவதில்லை: 1901-க்கு ஹெல்ம்ஸ் யேல் பல்கலைக்கழகத்தைச் சொல்கிறது, மற்றது பக்னெல் பல்கலைக்கழகத்தைச் சொல்கிறது. இந்தப் பட்டங்களை அரங்கில் பதாகையாகத் தொங்கவிடும் பல்கலைக்கழகங்களும் பட்டியலிடும் பதிவேடுகளும், தேர்வு எப்போது நடந்தது என்பதையும் பக்கத்திலேயே அச்சிடவேண்டும் என்று எந்த அமைப்பும் கட்டாயப்படுத்தவில்லை. அந்த ஒரு வரி இல்லாததால்தான் வியாபாரிகள் துணிந்து விலையை ஏற்றுகிறார்கள். இத்தனை ஆண்டுகளாகியும் இதை ஒழுங்குபடுத்த ஒருவரும் முன்வராதது எரிச்சலூட்டுகிறது.

உங்கள் ஆண்டு மட்டும் சற்று வேறுபட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். 1908-இல் மேற்கு வட்டாரக் கூட்டமைப்பின் வெற்றியாளரான சிகாகோவும், கிழக்கின் லீக்கை வென்ற பென்சில்வேனியாவும் தேசியப் பட்டத்துக்கென்றே நேருக்கு நேர் மோதின. சிகாகோ தன் ஊரில் 21–18 என்றும், பிலடெல்பியாவில் 16–15 என்றும் வென்றது. இரண்டாவது ஆட்டத்தில் வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி. ஆகவே ஜோசப் ரேக்ராஃப்ட் பயிற்றுவித்த அந்த அணியின் உரிமைகோரல் முழுக்கப் பிற்காலக் கற்பனை அன்று. களத்தில் ஆடிப் பெற்றது. அதே பருவத்தில் இந்தியானா மாநிலத்தின் வாபாஷ் கல்லூரி ஆடிய 24 ஆட்டங்களிலும் வென்றது. பிரிமோ–போரெட்டா தரவரிசை முதலிடத்தை அதற்கே கொடுக்கிறது. சிகாகோவும் பென்சில்வேனியாவும் வாபாஷை அழைத்து முத்தரப்புத் தொடராக ஆடியிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திராது. இந்த விதிவிலக்கு 1908-க்கு மட்டுமே பொருந்தும். இதே வியாபாரி 1907 அல்லது 1909 படத்தைக் காட்டி அதே கதையைச் சொன்னால் ஏற்காதீர்கள். அந்த ஆண்டுகளுக்கும் ஹெல்ம்ஸ் சிகாகோவைத்தான் தேர்ந்தெடுத்தது, ஆனால் இப்படியொரு மோதல் நடக்கவில்லை.

பட்டம் உண்மையாக இருப்பதால் படம் அசலாகிவிடாது என்பதை மறந்துவிடாதீர்கள். சான்றிதழில் 'ஹெல்ம்ஸ்' என்ற பெயர் இருந்தால் அது 1936-க்குப் பிந்தைய காகிதம். 'என்.சி.ஏ.ஏ.' என்று இருந்தாலும் அது 1908-இல் அச்சானதாக இருக்க முடியாது. அந்த அமைப்பு அப்பெயரை 1910-இல்தான் ஏற்றது. அடுத்து, படத்தின் மீது ஒரு பூதக்கண்ணாடியை வைத்து ஆட்டக்காரர் ஒருவரின் கன்னத்தைப் பாருங்கள். நிழல் பகுதி ஒரே சீராகக் கரைந்து சென்றால் அது புகைப்படத்தாள். சின்னஞ்சிறு புள்ளிகள் வரிசை வரிசையாகத் தெரிந்தால் அது அச்சகத்தில் அச்சிட்ட பக்கம். பல்கலைக்கழக ஆண்டு மலரைக் கிழித்து, ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாகச் சட்டமிட்டு 'அசல் புகைப்படம்' என்று விற்பது இந்தத் தொழிலில் மிகப் பழைய ஏமாற்று. ஒரு மலரையும் நாசமாக்கி, வாங்குபவரையும் ஏமாற்றும் இந்த வேலையைத் தரகர்கள் கூச்சமின்றிச் செய்கிறார்கள். 'உள்ளது உள்ளபடி விற்கப்படுகிறது' என்ற ஒற்றை நிபந்தனையைக் காட்டி ஏலக்காரர்கள் கையைக் கழுவிக்கொள்கிறார்கள்.

சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் படக்காப்பகத்தை இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். வாங்கும் முன்பு அங்கே அந்த அணியின் படங்களைத் தேடி, முகங்களையும் சீருடையையும் பந்தில் எழுதியிருக்கும் ஆண்டையும் ஒப்பிடுங்கள். பிறகு வியாபாரியிடம், சட்டத்தைக் கழற்றிப் படத்தின் பின்புறத்தைக் காட்டச் சொல்லுங்கள். புகைப்படக்கூடத்தின் முத்திரை, பழைய கையெழுத்து, ஒட்டியிருந்த பசையின் தடம் ஆகியவை அங்கேதான் இருக்கும். கழற்ற மறுத்தால் பேரம் பேசாமல் வந்துவிடுங்கள். காட்டினால், படம் புகைப்படத்தாளாகவும் இருந்தால், சான்றிதழைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சாதாரண அணிப் படத்தின் விலையைச் சொல்லிக் கேளுங்கள்.