கொரிய உணவு என்றாலே காரமா? கிம்ச்சி சைவமா?

கொரியாவின் பாரம்பரியச் சாப்பாடு முழுக்கக் காரமா, கிம்ச்சி என்கிற புளிக்கவைத்த காய்கறி ஊறுகாயைச் சைவ உணவுக்காரர்கள் தைரியமாகச் சாப்பிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் பதில், இல்லை.

மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். நமக்கு அது போர்ச்சுகீசியர் வழியே வந்தது. கொரியாவில் 16ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில்தான் நுழைந்தது. 1614இல் எழுதப்பட்ட ஒரு கொரிய நூல், ஜப்பானிலிருந்து வந்த பொருளாகவே அதைக் குறிப்பிடுகிறது. கிம்ச்சி அதைவிடப் பழையது. மிளகாயே சேராத வகைகள் இன்றும் உண்டு: வெள்ளைக் கிம்ச்சி, முள்ளங்கியை உப்புநீரில் ஊறவைக்கும் தோங்சிமி. தோங்சிமியின் தெளிந்த புளிப்புத் தண்ணீரைக் குளிர்காலத்தில் அப்படியே குடிப்பார்கள்.

என்னைக் கேட்டால், கொரியச் சமையலின் உயிர் மிளகாயில் இல்லை, சோயாவில் இருக்கிறது. சோயா பீன்ஸை வேகவைத்து இடித்து, செங்கல் போலக் கட்டிகளாக்கி, வைக்கோலில் கட்டித் தொங்கவிடுவார்கள். வைக்கோலிலும் காற்றிலும் உள்ள நுண்ணுயிரிகள் அதைப் புளிக்கவைக்கும். காய்ந்த கட்டிகளை உப்புநீர் நிறைந்த மண்பானையில் மாதக்கணக்கில் ஊறவிட்டால், வடிகிற நீர் கன்ஜாங் என்ற சோயா சாஸ், அடியில் தங்குவது தோயென்ஜாங் என்ற விழுது. ஒரே பானை, இரண்டு பொருள்!

சரி, சைவம்? வழக்கமான கிம்ச்சியில் உப்பிட்ட இறாலோ நெத்திலிச் சாறோ சேரும். பௌத்தக் கோயில்களில் செய்வதில் மீனும் இருக்காது, பூண்டும் இருக்காது. கடையில் வாங்கினால் பொருள் பட்டியலைப் பாருங்கள். உணவகத்தில் சூப்பையும் விசாரியுங்கள். பெரும்பாலும் காய்ந்த நெத்திலியில்தான் கொதித்திருக்கும்.