ஜிம்மில் உடம்பு ஏறியும் கொஞ்சம் ஓடினாலே மூச்சு வாங்குகிறது. தசைப் புரதத்துக்கும் ஸ்டாமினாவுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, ஆனால் எந்தப் புரதம் என்று பார்க்க வேண்டும். எடை தூக்கினால் பெருகுபவை பெரும்பாலும் ஆக்டினும் மயோசினும்; தசையைச் சுருக்கி இழுப்பது இவற்றின் வேலை. நெடுநேரம் ஓடுவதற்கு வேறு கூட்டம் தேவை: ஆக்சிஜனைத் தசைக்குள் பிடித்து வைக்கும் மயோகுளோபின், செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் குட்டி உலைகளான மைட்டோகாண்ட்ரியாவில் அந்த ஆக்சிஜனைச் செலவழித்துச் சக்தி எடுக்க உதவும் சைட்டோகுரோம் போன்றவை.

கோழிக்கடையில் கவனித்துப் பாருங்கள். நெஞ்சுக்கறி வெளுத்திருக்கும், லெக் பீஸ் கருஞ்சிவப்பாக இருக்கும். நாள் முழுக்க நின்று, நடந்து, மண்ணைக் கிளறுவது கால்தானே. இறக்கையை எப்போதாவதுதான் அடிக்கும். அந்தச் சிவப்பு பெரும்பாலும் ரத்தம் இல்லை, மயோகுளோபின். 1958-ல் ஜான் கென்ட்ரூ என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி முதன்முதலாக ஒரு புரதத்தின் முப்பரிமாண வடிவத்தைக் கண்டதும் இதில்தான். அதற்கு எடுத்துக்கொண்டது, மூச்சடக்கி நெடுநேரம் முங்கும் திமிங்கிலத்தின் தசையை!

புரத பவுடர் குடிப்பதால் மட்டும் மயோகுளோபினும் சைட்டோகுரோமும் பெருகிவிடாது. ஜான் ஹாலோசி என்ற ஆய்வாளர் எலிகளை வாரக்கணக்கில் டிரெட்மில்லில் ஓடவிட்டு, 1967-ல் முடிவை வெளியிட்டார். கால் தசை ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தது. ஓட்டம்தான் தசைக்கு உத்தரவு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உடம்பு அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜன் எடுக்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இதயம் அனுப்பும் ரத்தத்தின் அளவு. தசையில் ஆக்சிஜனைச் செலவழிக்க உதவும் புரதங்கள் கைகொடுப்பது, ஒரே வேகத்தில் நெடுநேரம் தாக்குப்பிடிக்க. நிதானமான நீண்ட ஓட்டம் இரண்டையும் வளர்க்கும்.

பெசன்ட் நகர் பீச்சில் காலையில் பார்க்கிறேன், ஜிம் தம்பிகள் எடுத்த எடுப்பில் பறந்துவிட்டு இடுப்பில் கை வைத்து நிற்கிறார்கள். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியம் பேச முடிகிற வேகம் போதும். அரை மணி நேரம், வாரம் நான்கு நாள். வெயில் ஏறும் முன் முடித்துவிடுங்கள். நம்மூர்ப் புழுக்கத்தில் உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கும் ரத்தம் போக வேண்டியிருப்பதால் இதயத்துக்குச் சுமை கூடும். நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால் முதலில் டாக்டரிடம் போங்கள்.

அப்புறம், மயோகுளோபின், சைட்டோகுரோம் இரண்டுக்குமே இரும்புச்சத்து வேண்டும். மாதக்கணக்கில் ஓடியும் முன்னேற்றம் இல்லையென்றால் ஹீமோகுளோபினோடு, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பரிசோதியுங்கள். பெண்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். சாப்பாட்டிலுள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் டீ தடுக்கும்.