கேள்வி பதில்: கடைசி வரைக்கும் வாசிச்சுப்போட்டுக் கோவம் வந்தவைக்கு

இந்த முறை வந்த கேள்வியளில கனக்க விஷுவல் நாவல் பற்றித்தான், அதால மற்றக் கேள்வியளை அடுத்த இதழுக்கு வைச்சிட்டு இதையே முழுசா எடுத்திருக்கிறன். தெரியாத ஆக்களுக்குச் சுருக்கமா சொல்லுறதெண்டால், ஸ்கிரீனில படமும் மியூசிக்கும் ஓட ஓட வாற எழுத்தைக் கிளிக் பண்ணிக் கிளிக் பண்ணி வாசிக்கிற கதை, சிலதில இடையில இதைச் செய்யிறியா அதைச் செய்யிறியா எண்டு கேட்கும், நீங்கள் எதைத் தெரியிறீங்களோ அதுக்கேத்த மாதிரிக் கதை வேற பாதையில போகும். பேர்போனதுகள் பெரும்பாலும் ஜப்பான்காரர் எழுதினது, எங்கட பிள்ளையள் வாசிக்கிறது இங்கிலீஷில. உமினேகோ, கிளானட் ரெண்டையும் இன்னும் முடிக்காத ஆக்கள் அந்தப் பகுதியளைத் தாண்டிப் போங்கோ, முடிவைத் தொட்டுத்தான் கதைக்க வேண்டியிருக்கு.

கேள்வி: அக்கா, உமினேகோ எட்டுப் பாகமும் வாசிச்சு முடிச்சனான். கடைசி வரைக்கும் ஆர் கொலை செய்தது, எப்பிடிச் செய்தது எண்டு நேரா சொல்லவே இல்லை. சரியான கோவம். கூட வாசிச்ச பெடியள் "உனக்கு அன்பில்லை, அதான் விளங்கேல்லை" எண்டு சொல்லுறாங்கள். பிழை என்னிலயா எழுதினவரிலயா? (கோண்டாவில் தம்பி)

பதில்: தம்பி, உங்கட கோவத்தில நியாயம் இருக்கு, ஆனா நீங்கள் கை நீட்டுற இடம் கொஞ்சம் தள்ளி இருக்கு எண்டு நினைக்கிறன். இதை எழுதின ரியூகிஷி07 இந்தக் கதையை 2007 ஆகஸ்ட்டில இருந்து 2010 டிசம்பர் வரைக்கும் பாகம் பாகமா கொமிக்கெட் எண்ட, ஆக்கள் தாங்களே செய்ததைக் கொண்டுவந்து விக்கிற ஜப்பான் சந்தையில வித்தவர், ஒரு பாகத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில கிட்டத்தட்ட ஆறு மாசம், அந்த ஆறு மாசமும் வாசிச்ச சனம் இருந்து மண்டையைப் போட்டு உடைச்சுது. முதல் நாலும் கேள்விப் பாகம், பின் நாலும் பதில் பாகம். 1986 ஒக்டோபரில ஒரு தீவு, புயல், சொத்துப் பிரிக்க வந்த குடும்பம், வரிசையாக் கொலை. அதுக்குள்ள அவர் ஒரு சட்டம் போட்டார், சிவப்பு எழுத்தில வாறது எல்லாம் உண்மை, ஆதாரம் கேட்கக் கூடாது, அதை வைச்சு நீ கண்டுபிடி எண்டு. இதை விட வெளிப்படையா ஒரு எழுத்தாளர் வாசகனை விளையாட்டுக்குக் கூப்பிட ஏலாது. கொப்பியில பூட்டின அறைக்கெல்லாம் படம் கீறி, ஆர் எங்க நிண்டது எண்டு நேரம் போட்டு எழுதி வைச்ச ஆக்கள் எத்தினையோ பேர், நீங்களும் அப்பிடித்தான் வாசிச்சிருப்பீங்கள்.

இப்ப எட்டாவது பாகத்துக்கு வாங்கோ. ஆட்டுத் தலை வைச்ச கூட்டம் வந்து கதையைக் கடிச்சுத் தின்னுது, அது ஆர் எண்டால் பதிலை மட்டும் தா எண்டு கேட்கிற வாசகர்தான். பேந்து கடைசியில மந்திரமா தந்திரமா எண்டு ஒரு தெரிவு, தந்திரம் எண்டு தெரிஞ்சால் கசப்பான முடிவு. பதிலைச் சொல்லாமல் விட்டதை நான் பிழை எண்டு சொல்லமாட்டன். செத்த வீட்டுக்கு வந்து நிண்டுகொண்டு எப்பிடி நடந்தது, ஆர் செய்தது, சொத்து என்னமாதிரி எண்டு துருவித் துருவிக் கேட்கிற ஆக்களைப் பாத்தால் அந்த வீட்டுப் பிள்ளைக்கு எப்பிடி இருக்கும், அதுதான் அந்தப் பாகத்தில ஆஞ்சேயின்ர நிலை, குடும்பமே போனபிறகு தனிய மிஞ்சின பிள்ளை அது. இந்த ஊரில இருக்கிற எங்களுக்கு அது ஒருத்தரும் விளக்கப்படுத்தாமலே விளங்கும். அந்த நினைப்புப் பெரிய நினைப்பு, அதை நான் மதிக்கிறன். ஆனா வா வந்து துருவு எண்டு மூண்டு வருஷமாக் கூப்பிட்டவரும் அவர்தான். தான் கூப்பிட்டு வந்தவனையே கடைசியில ஆடு எண்டு காட்டினதுதான் பிழை, உங்களுக்கு வந்த கோவம் அதுக்கு வந்தது, பதில் இல்லாததுக்கு இல்லை.

இதுக்கு ஆதாரம் என்னெண்டால் பிறகு வந்த மங்காவில, அதாவது ஜப்பான் படக்கதைப் புத்தகத்தில, எட்டாம் பாகத்தில குற்றவாளியின்ர வாக்குமூலமாவே விஷயத்தை வெளிச்சமா சொல்லியிருக்கினம், அதால கதை கெட்டுப்போகேல்ல, மனசு இன்னும் கனத்துத்தான் போச்சு. சொல்லியிருந்தால் மந்திரம் கலைஞ்சிடும் எண்ட வாதம் அதோட அடிபட்டுப் போகுது. அதைத் தேடி வாசியுங்கோ தம்பி. மற்றது, அன்பில்லாட்டில் தெரியாது எண்ட அந்த வசனம் கதைக்குள்ள ஒரு மனுசனின்ர செயலுக்குப் பின்னால இருக்கிற மனசைப் பார் எண்டு சொல்ல வந்தது. வாசிச்சு முடிச்ச ஒருத்தனின்ர வாயை அடைக்க அதை எடுக்கிறது அந்த வசனத்துக்கே செய்யிற அநியாயம், உங்கட சிநேகிதருக்கு நான் சொன்னதெண்டு சொல்லுங்கோ.

கேள்வி: ஃபேட் ஸ்டே நைட்டை எல்லாரும் தலையில தூக்கி வைச்சிருக்கினம், எனக்கு ஒரே விஷயத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லுற மாதிரித்தான் கிடக்கு. சண்டைக்கு நடுவிலயும் விளக்கம், சாப்பாட்டுக்கு நடுவிலயும் விளக்கம். நாசு கினோகோவுக்கு எழுத வராதா? (மானிப்பாய் வாசகி)

பதில்: எழுத வரும் தங்கச்சி, நிப்பாட்டத்தான் வராது. திருப்பிச் சொல்லுறதிலயும் ரெண்டு விதம் இருக்கு, அதைப் பிரிச்சுப் பாத்தால்தான் விமர்சனம் சரியா வரும். 2004இல வந்த இந்தக் கதை மூண்டு பாதை, மூண்டையும் ஒழுங்குக்குத்தான் வாசிக்க விடும், முதல் சில நாள் மூண்டுக்கும் பொது. அதால வாற திருப்பல் அமைப்பால வாறது, வாசிச்ச பகுதியைத் தாண்டிப் போக ஸ்கிப் இருக்கு, அதைப் பாவியுங்கோ. மற்றது எழுத்தால வாற திருப்பல். கிரெயில் எண்ட, ஆசையை நிறைவேத்துற கிண்ணத்துக்கான போர் எண்டால் என்ன எண்டு ரின் எண்ட பிள்ளை சொல்லுவா, பிறகு தேவாலயத்தில பாதிரியார் கிரெய் இருந்து நீட்டி முழக்குவார், பிறகு கதாநாயகன் ஷிரோ தன்ர மனசுக்குள்ள அதையே உருப்போடுவான், ஸ்கிரீன் முழுக்க எழுத்து நிரம்பி நிக்கும், பின்னால இருக்கிற படம் கூடத் தெரியாது. இதைக் கத்தரிச்சிருந்தால் ஒருத்தருக்கும் நட்டமில்லை. நீங்கள் அலுத்துப்போனது இஞ்சதான் எண்டால் நான் உங்கட பக்கம்.

ஆனா ரெண்டாவது பாதையில ஷிரோவும் ஆர்ச்சரும் கோட்டைக்குள்ள மோதுற இடத்தில திரும்ப வாற வசனங்களை இதோட சேர்க்க வேண்டாம். அங்க ஆர்ச்சர் ஷிரோவைப் பாத்து உன்ர நினைப்பே பிழை, இரவல் நினைப்பு எண்டு சொல்லிச் சொல்லி வெட்டுறான், ஷிரோ விழுந்து விழுந்து எழும்பி இல்லை, பிழையில்லை எண்டு அதே சொல்லைத்தான் சொல்லுறான். அவனிட்ட வேற சொல் இல்லை. சொல் மாறாமல் நிக்கிறதும் கை சோர்ந்துபோறதும் ஒண்டா வாறதாலதான் அந்த இடம் ஆளைப் பிடிச்சு உலுப்புது. சமையல் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஷிரோ சமைக்கிற பக்கங்களை எல்லாரும் தேவையில்லை எண்டு சொல்லுவினம், எனக்கு அது வேணும், அந்த வீட்டில ஆர் ஆர் மேசையில இருக்கினம் எண்டது மூண்டாவது பாதையில எவ்வளவு முக்கியம் எண்டு போகப் போகத் தெரியும். பழைய பிசி வெர்ஷனில வளந்த ஆக்களுக்கெண்டு போட்ட காட்சியள் வலிஞ்சு செருகினது எண்ட குறையும் கனகாலமா இருக்கு, அதை நானும் ஒத்துக்கொள்ளுறன். 2007இல பிளேஸ்டேஷன் 2க்கு வந்ததில அதுகள் இல்லை, 2024இல ஸ்டீமுக்கு வந்த ரீமாஸ்டரிலயும் இல்லை, கதை அதால ஒண்டும் குறைஞ்சு போகேல்ல.

கேள்வி: கிளானட் வாசிச்சு அழுதனான், பிறகு கடைசியில எல்லாத்தையும் அற்புதம் எண்டு சொல்லித் திருப்பிக் குடுத்ததும் என்ர அழுகையை ஏமாத்தி வாங்கின மாதிரி இருந்தது. மயேதா ஜுன் எல்லாக் கதையிலயும் இதைத்தான் செய்யிறாரோ? (உடுவில் தங்கச்சி)

பதில்: எல்லாக் கதையிலயும் எண்டு சொல்லாதேங்கோ, அப்பிடிச் சொன்னால் உங்கட நல்ல வாதம் பழுதாப் போகும். 1999இல கீ நிறுவனத்தில இருந்து வந்த கனோனில ஓம், கிட்டத்தட்ட ஒவ்வொரு பாதையும் அற்புதத்திலதான் வந்து நிக்குது. ஆனா அடுத்த வருஷமே வந்த ஏர் அந்த ஆறுதலைத் தராது, அதுக்காகவே அதைக் கொண்டாடுறவையும் இருக்கினம் திட்டுறவையும் இருக்கினம். 2004இல வந்த கிளானட்டில அற்புதம் சும்மா மேல இருந்து விழேல்ல, ஒவ்வொரு ஆளின்ர கதையையும் முடிக்க முடிக்க ஒரு சின்ன ஒளி கையில சேருது, அதுகள் சேர்ந்தால்தான் அந்த முடிவு திறக்கும். அனிமே மட்டும் பாத்த ஆக்களுக்கு இது வடிவா விளங்காது, அதால அவைக்குக் கோவம் வாறது இயல்பு. கேமில நீங்கள் உழைச்சுத்தான் அதை வாங்குறீங்கள்.

எனக்கு இவரில இருக்கிற குறை வேற. அந்த வருத்தம். கிளானட்டின்ர கதாநாயகி நாகிசாவுக்கு வாற காய்ச்சலுக்குப் பேர் இல்லை, கதைக்குத் தேவைப்படேக்க வருது, தேவையில்லாட்டில் அடங்கிக் கிடக்குது. பெரியாஸ்பத்திரி கிளினிக்கில விடியக் காலமை நம்பர் எடுத்துக்கொண்டு வாங்கில குந்தியிருந்த எந்தக் குடும்பத்துக்கும் தெரியும், வருத்தம் எண்டால் அதுக்கு ஒரு பேர் இருக்கு, ரிப்போட் இருக்கு, காலமையில ஒண்டு இரவு ஒண்டு எண்டு குளிசை இருக்கு, ஆர் லீவு போட்டுக் கூடப் போறது எண்டு வீட்டில ஒரு சண்டை இருக்கு. அது ஒண்டும் இல்லாமல் ஒரு பிள்ளையை வருத்தக்காரி ஆக்கி எங்களை அழ வைக்கிறது லேசு. அதே கேமுக்குள்ளயே ஃபூகோ எண்ட சின்னப் பிள்ளையின்ர பகுதியைப் பாருங்கோ, ஆளில்லாத வகுப்பில இருந்து கத்தியால மரத்தைச் செதுக்கி நட்சத்திர மீன் செய்து, அக்காவின்ர கலியாணத்துக்கு வாங்கோ எண்டு ஒவ்வொருத்தரின்ர கையிலயும் குடுக்குது, கொஞ்சம் கொஞ்சமா எல்லாருக்கும் அந்தப் பிள்ளையை மறந்து போகுது, மரத்துண்டு மட்டும் கையில கிடக்குது. அதில என்னை ஒருத்தரும் ஏமாத்தேல்ல. இப்பிடி எழுதத் தெரிஞ்ச ஆக்கள் மற்ற இடத்தில பேரில்லாத காய்ச்சலில சாஞ்சிருக்கினம் எண்டதுதான் என்ர மனவருத்தம்.

கேள்வி: ஸ்டைன்ஸ் கேட் பாதி போயும் ஒண்டும் நடக்கேல்ல, விடலாமா? (நல்லூர் வாசகர்)

பதில்: விடாதேங்கோ. டோக்கியோவில அகிஹபரா எண்ட இடத்தில ஒரு சின்ன அறையில பெடியள் கூடிக் கதைக்கிறது, சாப்பிடுறது, ஃபோனில மெசேஜ் அனுப்புறது எண்டு போற அந்தப் பாதியில ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஆசை நிறைவேறுது. பின் பாதியில அதுகளைத்தான் ஒண்டொண்டாத் திருப்பி எடுக்க வேண்டி வருது, ஆரிட்ட இருந்து என்னத்தைப் பறிக்கிறம் எண்டு தெரியாட்டில் பின் பாதியே இல்லை. மெதுவா எழுதினது எல்லாம் பிழையா எழுதினது இல்லை.

கேள்வி: ஒரு எழுத்தாளரைக் குறை சொன்னால் "நீ எழுதிக் காட்டு பாப்பம்" எண்டு வருகினம். இன்னொரு பக்கம் சிலபேர் எழுதினவரின்ர பிறப்பு வளர்ப்பு வரைக்கும் இழுத்துத் திட்டுகினம். எப்பிடித்தான் விமர்சிக்கிறது? (சாவகச்சேரி வாசகர்)

பதில்: எழுதிக் காட்டு எண்டவைக்குச் சொல்லுங்கோ, அம்பது மணித்தியாலம் குடுத்து வாசிச்சனான், அதுக்குக் கதைக்கிற உரிமை வந்திட்டுது எண்டு. இதுகள் ஒரு பின்னேரத்தில முடியிற கதை இல்லை, ஏஎல் சோதினை முடிஞ்ச லீவையே குடுத்து வாசிக்கிற பிள்ளையள் இருக்கினம். மற்றவைக்கு, எழுதின ஆளை விட்டிட்டு எழுதினதைத் தொடுங்கோ. நான் பாக்கிறது இதைத்தான்: தொடக்கத்தில இவர் எங்களுக்கு என்ன வாக்குக் குடுத்தவர், அதைக் காப்பாத்தினவரா. துப்பறிய வா எண்டு கூப்பிட்டவர் துப்பைத் தர வேணும், அழ வைக்கப் போறன் எண்டவர் அழுகைக்குக் காரணத்தை வைக்க வேணும். தராத வாக்கைக் கேட்டுச் சண்டை பிடிக்கிறதுதான் அநியாயமான விமர்சனம். உமினேகோவை எழுதின அதே ரியூகிஷி07 இன்ர ஹிகுராஷியில தெரிவே இல்லை, இதென்ன கேம் எண்டு கத்துறவையைக் கண்டிருப்பீங்கள். 2002இல முதல் பாகம் வந்த நாளில இருந்து அதில தெரிவு இல்லை, அவர் தாறன் எண்டு சொல்லவும் இல்லை. அதே கதையில கடைசியில வாற காரணம், முதல் பாகங்களில எங்களை நடுங்க வைச்ச அளவுக்கு நிக்கேல்ல எண்டு சொன்னால் அது வாதம், அதுக்கு நான் காது குடுப்பன். எந்தப் பாகம், எந்தக் காட்சி எண்டு காட்டிச் சொல்லுங்கோ, வாசிச்சு முடிக்க முதல் தீர்ப்பு எழுதாதேங்கோ.

கேள்வி: நாங்கள் மூண்டு பேர் சேர்ந்து எங்கட ஊர்க் கதை ஒண்டைத் தமிழில விஷுவல் நாவலா செய்யிறம், ரென்பையில. மேல சொன்ன பிழையள் வராமல் இருக்க என்ன செய்யலாம்? (பருத்தித்துறை பெடியள்)

பதில்: இந்தக் கேள்வியைக் கண்ட உடன சரியான சந்தோசம். ரென்பை எண்டுறது விஷுவல் நாவல் செய்யிற மென்பொருள், 2004இல இருந்து இருக்கு, காசில்லை, கடாவா ஷோஜோ, டோக்கி டோக்கி லிட்ரேச்சர் கிளப் எல்லாம் அதில செய்ததுதான். முதல் வேலையா நீங்கள் பாவிக்கிறது 8.1 அல்லது அதுக்குப் பிந்தின வெர்ஷனா எண்டு பாருங்கோ, அதுக்கு முந்தினதுகளில கொம்பும் காலும் இடம் மாறித் தமிழ் எழுத்துச் சிதறும், நல்ல தமிழ் ஃபொன்ட் ஒண்டையும் கூடவே போட்டுக் குடுங்கோ. தமிழ்ச் சொல் நீளம், இங்கிலீஷுக்கு அளந்த பெட்டிக்குள்ள ரெண்டு வரி கூட வடிவா நிக்காது, அதால வசனத்தை வெட்டத்தான் வேணும், அது உங்களுக்கு நல்லதுதான்.

எழுத முதல் முடிவை மூண்டு பேரும் ஒரு தாளில எழுதி வையுங்கோ. ஆரம்பத்தில வாசகனிட்ட என்ன சொல்லிக் கூப்பிடுறீங்கள் எண்டதையும் அதுக்குக் கீழ எழுதுங்கோ. ரெண்டும் பொருந்தேல்ல எண்டால் இப்பவே மாத்தலாம், பாட்டும் படமும் போட்டபிறகு மாத்த மனம் வராது. தெரிவு வைக்கிறதெண்டால் அதால கதையில ஏதாவது மாற வேணும், எதைத் தொட்டாலும் ஒரே பதில் எண்டால் வைக்க வேண்டாம். பேச்சு எங்கட பேச்சாவே இருக்கட்டும், கப்பலடியில கதைக்கிற கிழவர் ரேடியோச் செய்தி வாசிக்கிற மாதிரிக் கதைச்சால் முதல் கிளிக்கிலயே மூடிப்போடுவினம். எழுதினதை ஒருத்தர் உரத்து வாசிக்க மற்ற ரெண்டு பேரும் கேளுங்கோ, கேட்கிறவர் ஃபோனை எடுத்துப் பாக்கிற இடத்தில பென்சிலால ஒரு கோடு போடுங்கோ. முதல் அத்தியாயம் ஓடுற நிலைக்கு வந்ததும் இதழ் முகவரிக்கு அனுப்புங்கோ, வாசிச்சுப்போட்டு எங்க நல்லாயிருக்கு, எங்க இழுக்குது எண்டு காட்சி காட்சியா எழுதி விடுறன்.