முயல் கூடுகிறது, எச்சரிக்கும் முயல் மட்டும் ஏன் குறைகிறது?

கேள்வி: முயல், நரி இரண்டையும் வைத்து கணினியில் ஒரு சிமுலேஷன் எழுதினேன். நரியைக் கண்டதும் காலால் தரையைத் தட்டி மற்றவற்றை எச்சரிக்கும் மரபணுவைப் பாதி முயல்களுக்குக் கொடுத்தேன். முயல்களின் எண்ணிக்கை கூடியது. ஆனால் சில தலைமுறைகளில் அந்த மரபணுவே காணாமல் போகிறது. நிரலில் பிழையா?

பதில்: பிழையாக இருக்க வேண்டியதில்லை. மொத்த முயல்கள் எத்தனை என்பது ஒரு கணக்கு. அதில் தட்டும் முயல்களின் பங்கு எவ்வளவு என்பது வேறு கணக்கு. முதலாவது ஏறும்போதே இரண்டாவது இறங்கலாம்.

வேட்டையாடும் விலங்கும் இரையும் எப்படிக் கூடிக் குறைகின்றன என்று கணக்கிடும் லோட்கா–வோல்ட்டெரா சமன்பாடுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். எச்சரிக்கையால் நரியின் வேட்டை விகிதம் பாதியானால், சமநிலையில் முயல் இரண்டு மடங்காகும். வேடிக்கை என்னவென்றால், நரியும் இரண்டு மடங்காகும்! ஆனால் யார் தட்டியது, யார் சும்மா இருந்து தப்பியது என்பதற்கு அங்கே இடமே இல்லை. உங்கள் நிரலில் அது உண்டு. தட்டிய முயல் நரியின் கண்ணில் படுகிறது. தட்டாததும் சேர்ந்து தப்புகிறது.

அப்படியானால் இத்தகைய மரபணு எப்போது பரவும்? இதற்கான விடையை 1964 இல் உயிரியலாளர் ஹாமில்டன் தந்தார்: உறவின் அளவை (மரபணு ஒற்றுமையை) உறவினருக்குக் கிடைக்கும் பலனால் பெருக்கினால், அது உதவுபவருக்கு ஆகும் செலவைவிட அதிகமாக இருக்க வேண்டும். உடன்பிறப்புக்கு உறவளவு 0.5. ஆக, ஓர் உயிர் போனால் இரண்டுக்கு மேல் உடன்பிறப்புகள் பிழைக்க வேண்டும். பெல்டிங் தரை அணில்களை ஆராய்ந்த பால் ஷெர்மன், பக்கத்தில் உறவினர் உள்ள பெண் அணில்களே அதிகம் எச்சரிக்கைக் குரல் கொடுப்பதை 1977 இல் காட்டினார்.

உங்கள் நிரலில் குட்டி எங்கே பிறக்கிறது? திரையில் உள்ள கட்டங்களில் ஏதோ ஒன்றில் போய் விழுகிறதென்றால், தட்டலைக் கேட்பதெல்லாம் அந்நியர்தான். தாய்க்குப் பக்கத்துக் கட்டத்தில் வையுங்கள். கேட்கும் தூரத்தையும் இரண்டு மூன்று கட்டங்களாகக் குறையுங்கள்.

சரி, அதோடு முடியாது. நெருங்கி வாழும் உறவினர் ஒரே புல்லுக்குப் போட்டி போடுவார்கள். எல்லா இடமும் எப்போதும் நிரம்பியிருக்கும் எளிய மாதிரியில், உறவால் வந்த லாபத்தை இந்தப் போட்டியே முழுதாகத் தின்றுவிடும் என்று கணிதவியலாளர் பீட்டர் டெய்லர் 1992 இல் நிறுவினார். இங்கே நரியே உங்களுக்குக் கைகொடுக்கலாம். அது காலி செய்யும் இடங்களில் தட்டும் கூட்டம் பரவ வழி பிறக்கும். ஆகவே முயல் எண்ணிக்கைக்கு நிலையான உச்சவரம்பு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். புல்லும் நரியும் பார்த்துக்கொள்ளட்டும்.

அப்புறம், ஒரே ஓட்டத்தை நம்பாதீர்கள். நரி பெருகி, முயல் இருபது முப்பதாகச் சரியும் வேளையில் எந்த மரபணு மிஞ்சும் என்பது பெரும்பாலும் அதிர்ஷ்டம். ரேண்டம் சீடை (தற்செயல் எண்களைத் தொடங்கிவைக்கும் எண்ணை) மாற்றி ஐம்பது முறையாவது ஓட்டுங்கள். கூடவே செலவும் பலனும் இல்லாத ஒரு வெற்று மரபணுவையும் அதேபோல ஓட்டி, எது அடிக்கடி ஜெயிக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.