பேராதனைக்கு எடுபட்ட மகள்: பத்திரம், விடுதி, பஸ்

பொகவந்தலாவைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார்: "மகள் பேராதனைப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்துக்கு எடுபட்டிருக்கிறாள். மனைவி தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார், நான் கொழும்பில் ஒரு கடையில் வேலை. என்னென்ன பத்திரம் வேண்டும்? விடுதி கிடைக்குமா, வெளியே வாடகை அறை (போர்டிங்) பார்க்க வேண்டுமா? முதல் தடவை போகும்போது எங்கே இறங்குவது?"

பத்திரத்திலிருந்தே தொடங்குவோம். தோட்டப் பிள்ளைகளுக்கு அதிகம் இழுபறியாவது பெயர்தான். பிறப்புச் சான்றிதழில் 'இராமையா செல்வராணி', அடையாள அட்டையில் 'ராமய்யா செல்வராணி', உயர்தரப் பெறுபேற்றில் இங்கிலிஷ் எழுத்து ஒன்று கூடியோ குறைந்தோ இருக்கும். இன்றைக்கே மூன்றையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, எழுத்தெழுத்தாக ஒத்துப் பாருங்கள். தகப்பன், தாய் பெயரையும் அப்படியே பாருங்கள். எழுத்து வித்தியாசம் மட்டும் என்றால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து வைத்துக்கொள்ளலாம். பெயரே வேறு, அல்லது பிறந்த திகதி வேறு என்றால் அது போதாது. பிரதேச செயலகத்திலுள்ள பதிவாளர் பிரிவில் பிறப்புச் சான்றிதழைத் திருத்த விண்ணப்பிக்க வேண்டும். அது மாதக் கணக்கில் இழுபடக்கூடிய வேலை. பல்கலைக்கழகக் கடிதம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

அடுத்தது தபால். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பதிவுக்குக் கொடுக்கும் திகதி தப்பினால் கிடைத்த இடமும் போய்விடும். லயத்து முகவரிக்கு வரும் கடிதம் தோட்ட ஆபீஸில் கிடந்து, யாராவது பார்த்து எடுத்துக் கொடுத்தால்தான் கைக்கு வரும். மகளுக்குச் சொந்தமாக ஒரு மின்னஞ்சல் இருக்கட்டும். விண்ணப்பத்தில் கொடுத்த கைத்தொலைபேசி இலக்கத்தை மாற்ற வேண்டாம். ஆணைக்குழுவின் இணையத்தளத்தையும் பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்தையும் கிழமைக்கு இரண்டு தடவையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

வருமானச் சான்றில்தான் உங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் சிக்கல் இருக்கிறது. மனைவியுடையதற்கு, போன வருடச் சம்பள விபரத்தைத் தோட்ட ஆபீஸில் கேட்டு, துரையின் (தோட்ட முகாமையாளரின்) கையொப்பத்தோடும் முத்திரையோடும் வாங்குங்கள். உங்களுக்குக் கடை முதலாளியின் கடிதம் வேண்டும். கடைக்காரர்கள் பலர் எழுதித் தரத் தயங்குவார்கள். அப்படியானால் உள்ள சம்பளத்தைக் கிராம சேவகரிடம் சொல்லி, அவர் தரும் வருமானச் சான்றில் பிரதேச செயலாளரின் மேலொப்பத்தையும் வாங்குங்கள். 'தகப்பனுக்கு வருமானம் இல்லை' என்று எழுதுவது சிலர் சொல்லிக்கொடுக்கும் குறுக்கு வழி. பிறகு விசாரித்து முரண்பாடு தெரிந்தால், கிடைக்க வேண்டிய உதவியும் நின்றுவிடும். உள்ளதைச் சொன்னாலே தோட்டக் குடும்பமொன்றின் வருமானம் பெரும்பாலும் உதவி கிடைக்கும் அளவில்தான் இருக்கும்.

மகாபொல புலமைப்பரிசில், உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியையும் குடும்ப வருமானத்தையும் பார்த்துக் கொடுக்கப்படுகிறது. அது கிடைக்காதவர்கள் பர்சரி என்ற மாணவர் உதவிப் பணத்துக்குப் போகலாம். 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆகவும், பர்சரி 4,000 இலிருந்து 6,500 ஆகவும் கூட்டப்பட்டன. ஆனால் முதல் கொடுப்பனவு படிப்பு தொடங்கிச் சில மாதம் கழித்தே வரும் என்று கணக்குப் போடுங்கள். முதல் மூன்று மாதச் செலவு கையில் இல்லாமல் அனுப்பினால், பிள்ளை கடன் வாங்கத்தான் வேண்டிவரும். வங்கிக் கணக்கு மகளின் பெயரில், அடையாள அட்டையில் உள்ள அதே எழுத்தில் இருக்க வேண்டும். விரிவுரைக்குப் போகாமல் வரவு குறைந்தால் இந்தப் பணம் நின்றுவிடும்.

விடுதியைப் பற்றி. பேராதனையைத் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகமாகவே திட்டமிட்டார்கள். 1942 இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952 இலிருந்து இங்கே இடம்மாறியபோது, விடுதிகளும் திட்டத்தின் ஒரு பாகமாக இருந்தன. பிறகு மாணவர் தொகை பெருகியது, விடுதி அந்த வேகத்தில் பெருகவில்லை. அதனால் பொதுவாக முதல் வருடத்துக்கும் கடைசி வருடத்துக்கும்தான் இடம் எதிர்பார்க்கலாம். தூரமும் வருமானமும் பார்ப்பார்கள் என்பதால் பொகவந்தலாவைப் பிள்ளைக்குச் சாதகம் அதிகம். பெண்களுக்குச் சங்கமித்தா, ஹில்டா ஒபேசேகர போன்ற விடுதிகள் இருக்கின்றன. விண்ணப்பத்தில் தூரத்தைக் கேட்டால், ஹட்டனிலிருந்து அல்ல, உங்கள் தோட்டத்திலிருந்து கணக்கிட்டு எழுதுங்கள்.

ஆகவே இப்போதே போர்டிங்குக்கு அட்வான்ஸ் கட்ட வேண்டாம். நடு வருடங்களில் தேவைப்படும்போது ஹிந்தகல, மகாகந்த, பெனிதெனிய பக்கங்களில் பார்க்கலாம். பகலில் மட்டும் பார்த்துவிட்டுப் பேசி முடிக்காதீர்கள். மாலை ஆறரைக்குப் பிறகு கலைப்பீடத்திலிருந்து அந்த வீட்டுக்கு ஒரு தடவை நடந்து பாருங்கள். தண்ணீர், கரண்ட் பில் வாடகையில் சேர்த்தியா, சமைக்க விடுவார்களா, கேட் எத்தனை மணிக்குப் பூட்டும், அட்வான்ஸ் எப்போது திரும்பும் என்று கேட்டு, பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.

சாமான் கட்டும்போது நுவரெலியாக் கம்பளி மூட்டை வேண்டாம். பேராதனை கடல் மட்டத்திலிருந்து 500 மீற்றர் அளவில்தான். பகலில் வியர்க்கும். மெல்லிய போர்வை, நுளம்பு வலை, குடை, பூட்டு, டோர்ச் போதும். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு வெளியே போனால் குரங்கு உள்ளே வந்து பாணையும் பிஸ்கட்டையும் எடுத்து, கையில் அகப்பட்டதையெல்லாம் கலைத்துப் போட்டுவிடும். இது பகிடி அல்ல.

பாடம் தெரிவு செய்யும் படிவத்தில் கையொப்பமிடுமுன், அந்த வருடம் தமிழ் மூலம் எந்தெந்தப் பாடம் நடக்கிறது என்று ஒவ்வொரு துறை அலுவலகத்திலும் நேரில் கேட்க வேண்டும். கலைப்பீடம் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்ற மூன்று மொழியிலும் கற்பிக்கிறது, ஆனால் எல்லாப் பாடமும் மூன்றிலும் இருக்காது. தொடக்கத்து ஆங்கில வகுப்பை ஒருநாளும் விடக்கூடாது. நூலகத்தில் பெரும்பாலான நூல்கள் ஆங்கிலத்தில்தான்.

பகிடிவதை (ராகிங்) பற்றி வெளிப்படையாகப் பேசிவிட்டு அனுப்புங்கள். 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம்: இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை, பாலியல் துன்புறுத்தலோ கடும் காயமோ ஏற்படுத்தினால் பத்து வருடம் வரை. மாணவ ஆலோசகரிடமோ ஆணைக்குழுவிடமோ முறையிடலாம். நடந்த திகதி, இடம், நேரத்தை அன்றைக்கே எழுதி வைத்தால் முறைப்பாடு வலுவாக நிற்கும்.

இனிப் பயணம். ஹட்டனில் கண்டி பஸ் எடுத்தால் கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை, கெலிஓயா வழியே வரும். பேராதனைப் பாலத்தைத் தாண்டியதும் கலஹா சந்தியில் இறங்குங்கள், கண்டிவரை போக வேண்டாம். கலைப்பீடமும் நூலகமும் செனட் கட்டடமும் கலஹா வீதிப் பக்கம். பொறியியல் பீடம் மட்டும் மகாவலியின் மறுகரையில். மழைக்காலத்தில் மண்சரிவால் வீதியோ ரயில் பாதையோ மூடப்பட்டிருக்கலாம், கிளம்புமுன் ஹட்டனில் விசாரியுங்கள். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருவதானால் பகல் இரண்டு மணிக்குள் கலஹா சந்தியில் நிற்க வேண்டும். ஹட்டனுக்கே மூன்று மணித்தியாலம் வரை ஆகும், இருட்டினால் பொகவந்தலாவை பஸ் கிடைப்பது அருமை.