070 அடுக்கோடு தேடலை நிறுத்தாதீர்கள்

உங்கள் நூலகத்தில் "இதழியலுக்கு ஒரே அடுக்கு, அதிலும் பழைய பாடநூல்கள்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது 070 என்ற எண்ணுள்ள அடுக்கு; நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூயி பகுப்பு தரும் எண் அது. விளம்பரம், தொலைக்காட்சி பற்றிய நூல்கள் பெரும்பாலும் 070-இல் இருக்காது. 659.1-இல் விளம்பரம், 659.2-இல் மக்கள் தொடர்பு, 791.4-இல் திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி, 302.23-இல் ஊடகமும் சமூகமும். வேறு மாடியில்கூட இருக்கலாம்.

"இதழியலுக்கு ஒரே அடுக்கு, அதிலும் பழைய பாடநூல்கள்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரே அடுக்கு மட்டும் தென்பட்டதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: டியூயி பகுப்பில் 070 இதழியலுக்கும் செய்தி ஊடகங்களுக்கும் பதிப்புத் தொழிலுக்கும் உரியது. உங்கள் பாடத்திட்டத்தின் மற்ற பகுதிகள் சமூகவியல், வணிகம், கலை என்று சிதறிவிடும்.

இதைச் செய்து பாருங்கள். நூலகக் கணினிப் பட்டியலில் உங்களுக்கு உதவிய ஒரு நூலைத் திறந்து, அதன் பொருள் தலைப்பை (நூல் எதைப் பற்றியது என்று பட்டியலில் தரும் சொல்லை) சொடுக்குங்கள். அதே தலைப்பு கொடுத்த நூல்களெல்லாம், எண் எதுவானாலும், ஒன்றாக வரும். தமிழ் நூல் என்றால் ஆங்கில எழுத்திலும் தட்டிப் பாருங்கள். பல நூலகங்களில் அப்படித்தான் ஏற்றியிருக்கிறார்கள். அப்புறம், இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளைத் தரும் சோத்கங்கா இணையதளம் இலவசம். அதைக் கட்டாயம் பாருங்கள், ஆய்வேட்டில் உள்ள துணைநூற்பட்டியலே பாதி வேலையை முடித்துவிடும்.

ஒன்று மட்டும்: உங்கள் நூலகம் டியூயிக்குப் பதிலாகக் கோலன் பகுப்பு என்ற வேறொரு முறையைப் பின்பற்றினால் இந்த எண்கள் பொருந்தாது. முதலில் முகப்பு மேசையில் கேட்டுவிடுங்கள்.