ஒரே மாநிலம்தான், கவுன்ட்டிக்குக் கவுன்ட்டி வேறு கதை

கேள்வி: டெக்சாஸுக்கு ஆட்கள் வந்து குவிகிறார்கள் என்கிறார்கள். போன மாதம் காரில் மேற்கு டெக்சாஸின் லபக் போனோம். வழியில் பல ஊர்களில் கடைத்தெருவே பூட்டிக் கிடந்தது. எதை நம்புவது?
– ஒரு வாசகி, ஆலன்

பதில்: நீங்கள் கேள்விப்பட்டதும் சரி, கண்ணால் பார்த்ததும் சரி. 2010-க்கும் 2020-க்கும் இடையில் டெக்சாஸில் கிட்டத்தட்ட 40 லட்சம் பேர் கூடினார்கள். அதே பத்து வருஷத்தில், மாநிலத்தின் 254 கவுன்ட்டிகளில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) 143-இல் மக்கள்தொகை குறைந்தது. பாதிக்கும் மேல்!

உங்கள் ஆலன் இருக்கும், டல்லாஸுக்குப் பக்கத்துக் காலின் கவுன்ட்டி 7.8 லட்சத்திலிருந்து 10.6 லட்சமானது. ஆலன் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் மட்டும் 18,000 பேர் உட்காரலாம். நான் மேற்கே ஒரு சின்ன ஊரில் வெள்ளிக்கிழமை ஆட்டம் பார்த்திருக்கிறேன். பதினொரு பையன்கள் தேறாத பள்ளிகள் அங்கே ஆறு பேர் கால்பந்து ஆடுகின்றன. அன்று பெஞ்சில் இரண்டே பேர். வேலியோரம் பிக்கப்பை நிறுத்தி, உள்ளே இருந்தபடியே ஊர்க்காரர்கள் பார்த்தார்கள். பக்கத்தில் நின்ற பெரியவர், "என் பேரப்பிள்ளைகள் மூணு பேரும் டல்லாஸ் பக்கம் போயிட்டாங்க" என்றார். அது இன்னும் என் மனதை அறுக்கிறது. இளசுகள் படிப்புக்கும் வேலைக்கும் கிளம்பிவிட்டால் அங்கே தொட்டில்களும் குறைகின்றன. பிறப்பை இறப்பு முந்துகிறது. எண்ணெய் எடுக்கும் மிட்லண்ட் போன்ற இடங்கள் தனி ரகம்: விலை ஏறினால் ஆள் வரும், இறங்கினால் கிளம்பும்.

அதற்காக, கிராமம் தேய்கிறது, நகரம் வளர்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். டல்லாஸ் கவுன்ட்டியின் மக்கள்தொகை 23.7 லட்சத்திலிருந்து 26.1 லட்சமாகக் கூடியது. ஆனாலும் அந்தப் பத்தாண்டின் பிற்பாதியில், நாட்டின் மற்ற கவுன்ட்டிகளிலிருந்து அங்கே வந்தவர்களைவிட அங்கிருந்து கிளம்பியவர்களே அதிகம். பிறப்பும் வெளிநாட்டு வரவும்தான் அந்தக் குறையை ஈடுகட்டின. ஆகவே ஒரு கவுன்ட்டி வளர்ந்தது என்று யாராவது சொன்னால், எதனால் என்று கேளுங்கள்: பிறப்பாலா, வெளிநாட்டிலிருந்து வந்தவர்களாலா, உள்நாட்டிலேயே இடம் மாறியவர்களாலா?

கடைசியாகச் சொன்னதை நீங்களே பார்க்கலாம். அமெரிக்க மத்திய வருமான வரித்துறை, அடுத்தடுத்த இரண்டு வருஷப் படிவங்களில் முகவரியை ஒப்பிட்டு, எந்தக் கவுன்ட்டியிலிருந்து எங்கே போனார்கள் என்று அட்டவணை போடுகிறது. படிவம் போடாதவர்கள் மட்டும் அதில் வரமாட்டார்கள். டொயோட்டாவின் வட அமெரிக்கத் தலைமையகம் 2017-இல் கலிஃபோர்னியாவிலிருந்து காலினில் உள்ள பிளேனோவுக்கு மாறியதிலிருந்து, காலினுக்கு வருகிறவர்கள் எல்லாம் கலிஃபோர்னியாக்காரர்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அட்டவணையைத் திறந்தால் மேலே நிற்பது பக்கத்து டல்லாஸ் கவுன்ட்டி. வெளியே போனவர்கள் பக்கத்தையும் புரட்டுங்கள். டல்லாஸ், டென்டன் என்று அங்கேயும் அக்கம்பக்கத்துப் பெயர்கள்தான் முன்னால் நிற்கும்.